குடல்காரி பெரொனெல்

மொன்செரோல் பிரபுக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டையைச் சொல்வார்கள், கொடியைச் சொல்வார்கள், நான்கு தலைமுறையாக ராஜாவின் வலப்பக்கம் குதிரை ஓட்டிய பெருமையைச் சொல்வார்கள். ரூவெலைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல என்ன இருக்கிறது? மார்ன் ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம், ஒரு மாவு ஆலை, ஒரு சின்னக் கோயில், பாலத்தடியில் ஒரு விடுதி. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் ஒரு பங்கு எங்களிடம் இருந்தது. அன்செல் பிரபுவின் எலும்புகள் கிளேர்ஃபோன் துறவியர் மடத்துக்குப் போயின. அவருடைய இதயம் அவர் மனைவி கட்டிய கன்னியர் மடத்துக்குப் போயிற்று. குடல் எங்கள் ஊரில் தங்கிவிட்டது.

பெரிய இடத்துச் சாவுக்கு அது வழக்கம்தான். நம்மைப் போன்றவர்கள் செத்தால் ஒரே குழி. பிரபு ஒருவர் கோடைக்காலத்தில், வழிப்பயணத்தில் செத்துப்போனால் உடலைப் பங்கு போடுவார்கள். செத்த இடத்துக்குக் குடல், பிரியமான இடத்துக்கு இதயம், மூதாதையர் இடத்துக்கு எலும்பு. மூன்று இடத்திலும் ஜெபம் நடக்கும், மோட்சத்துக்கு மூன்று ஏணி. மற்ற இரண்டு இடங்களிலும் பளிங்கும் பாட்டும் மெழுகுவத்தியுமாக இருக்கும் என்று கேள்வி. எங்கள் கோயிலில் வடக்குச் சுவரோரம், கூரை ஒழுகும் இடத்தில், ஒரு சாம்பல்நிறக் கல். அந்தக் கல்லுக்கு இருந்த ஒரே ஆள் விடுதிக்காரி பெரொனெல்.

காலையில் அடுப்பை மூட்டிவிட்டு அவள் கோயிலுக்குப் போவாள். ஒழுகிய தண்ணீரை முந்தானைத் துணியால் ஒற்றி எடுப்பாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, உதடு மட்டும் அசையக் கொஞ்ச நேரம் பேசுவாள். திரும்பி வரும்போது கொல்லன் பெர்தோ பட்டறை வாசலில் தயாராக நிற்பான்.

"என்ன பெரொனெல், பிரபு எழுந்துட்டாரா? பசிக்குதுன்னாரா?"

"உன் பெண்டாட்டி சமையலை நினைச்சுக்கிட்டு எழுந்திருக்கவே பயப்படுறாரு."

ஊர் அவளுக்குக் 'குடல்காரி' என்று பேர் வைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளும் மூட முயன்றதில்லை. ஏனென்றால் ஊருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அந்தக் கல்லுக்கடியில் அன்செல் பிரபுவின் இதயம் இருக்கிறது. வைத்தவள் அவளே.

முதலிலிருந்து சொல்வதுதான் முறை. பெரொனெல் இளம் வயதிலேயே விதவையானவள். அவள் புருஷன் குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தவன். போகும்போது நனையாமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பிள்ளை இல்லை. பத்துப் படுக்கையும் ஒரு கூடமும் ஓர் அடுப்படியும் மிஞ்சின. ஒரு வசந்த காலத்தில் த்ரூவா சந்தைக்குப் போகும் வழியில் அன்செல் பிரபு தன் பரிவாரத்தோடு அங்கே இறங்கினார். கூடத்தில் அவருக்காக வாத்து வாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வாடை தாங்காமல் பின்பக்கமாக வந்து, அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். பெரொனெல் முக்காலியில் உட்கார்ந்து பட்டாணிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள்.

"உட்காரு, உட்காரு. அது என்ன?"

"பட்டாணிக் கூழுங்க, ஐயா. உங்களுக்கு ஆகாது."

"எனக்கு எதுதான் ஆகுது? கொஞ்சம் கொடு."

அந்த மனிதருக்கு மலைபோல உடம்பு, பச்சைப்பிள்ளை வயிறு. கோட்டையில் எல்லாவற்றிலும் மிளகும் இஞ்சியும் கிராம்பும் கொட்டுவார்கள். பிரபுவின் இலக்கணமே அதுதான். மசாலா குறைந்தால் மானம் குறைந்துவிடும். சாப்பிட்டு அரை நாழிகைக்குள் அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வைத்தியர் அதற்கு இன்னும் கொஞ்சம் இஞ்சி கொடுப்பார். அன்று அவர் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, வலி எப்போது வரும் என்று அடுப்பைப் பார்த்தபடி காத்திருந்தார். வரவில்லை.

"இதுல என்ன போட்ட?"

"பட்டாணி, தண்ணி, கொஞ்சம் உப்புக்கறி."

"மிளகு?"

"மிளகு வாங்குற கையா இருந்தா நான் எதுக்குப் பட்டாணி திங்குறேன், ஐயா?"

அவர் சிரித்து இன்னொரு கிண்ணம் கேட்டார். அதன் பிறகு வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, தவறாமல் வந்தார். கூடத்தில் பரிவாரம் வாத்து தின்னும். அவர் அடுப்படியில் காலணியைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் குடிப்பார். குதிரையிலிருந்து விழுந்தபின் குதிரை ஏறவே பயமாயிருக்கிறது என்று அவளிடம்தான் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்து குறட்டை விடுவார். படுக்கையைப் பற்றி ஊர் நிறையப் பேசியது. நான் அறிந்தவரை அவர் அந்த வீட்டில் தூங்கியதெல்லாம் முக்காலியில்தான்.

ஓர் இலையுதிர் காலத்தில் மூன்றாவது கிண்ணத்தை வழித்துவிட்டு அவர் சொன்னார். "பெரொனெல், நான் செத்தா என் இதயத்தை இந்த அடுப்படியிலதான் புதைக்கணும். எழுதி வச்சுட்டுப் போறேன்."

"அடுப்படியில எலி ஜாஸ்தி, ஐயா."

வயிறு நிறைந்த மனிதன் சொல்கிற வார்த்தை அது. பாலத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கே மறந்திருக்கும். பெரொனெல்லுக்கு மறக்கவில்லை. அவளுக்கு அதுவரை யாரும் எதையும் தருவதாகச் சொன்னதில்லை.

பிறகு தெற்கே ஒரு யுத்தம். கோடையில் பாசறைக்குள் வயிற்றுக்கடுப்பு நுழைந்தது. எதிரியின் ஈட்டி தொடாத அன்செல் பிரபுவை அது சாய்த்தது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ரூவெலுக்குமேல் வண்டியால் போக முடியவில்லை. மாடி அறையில் கிடத்தினார்கள். வாசலில் வைத்தியரும் காரியஸ்தரும் காவல். பெரொனெல் ஒரு கிண்ணம் கூழ் அனுப்பினாள், திரும்பி வந்தது. மறுபடி நீர்க்கக் கரைத்து அனுப்பினாள், அதுவும் திரும்பி வந்தது. "பிரபுவுக்கு இதையா கொடுக்கிறது?" என்று வைத்தியர் கேட்டாராம். இஞ்சிக் கஷாயம் குடித்தபடியே அவர் போய்ச்சேர்ந்தார். அந்த இரண்டு கிண்ணங்களை நினைத்தால் அவளுக்குக் கடைசிவரை வயிறு எரியும். எனக்கும் எரிகிறது.

கோட்டை தூரம், வெயிலோ கொடுமை. ஆகவே பங்கு போட்டார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் இந்த வேலை எப்போதும் பிரபுவின் சமையல்காரன் தலையில்தான் விழும். கோபேர் என்று ஒருவன், நல்ல கை, பெரிய குடிகாரன். எலும்பைப் பிரிக்கத் திராட்சை மதுவும் தண்ணீரும் கொதிக்கவைக்கப் பெரிய கொப்பரை வேண்டும் என்றான். ஊரிலேயே பெரியது பெரொனெல்லுடையது. கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தக் கொப்பரையில் சமைத்தால் யார் சாப்பிடுவார்கள்? விற்கலாம் என்றால் அது புனிதமானது என்று பாதிரியார் தியெரி தடுத்தார். கடைசியில் கோயிலின் பின்புறம் கவிழ்க்காமல் வைத்தார்கள். இன்றும் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, சிட்டுக்குருவி குளிக்கிறது.

இதயத்தை மதுவில் கழுவி, உப்பிட்டு, மெழுகுத் துணியில் சுற்றி, ஒரு சிறிய ஈயப் பெட்டியில் வைத்தார்கள். மூடியை உருக்கி ஒட்டக் கொல்லன் வரவேண்டியிருந்தது. குடலை மண்பானையில் போட்டு உப்பால் மூடியிருந்தார்கள். எல்லாம் சரக்கறை மேசையில். பரிவாரம் முழுதும் கோயிலில் இறந்தோர் ஜெபத்துக்குப் போயிருந்தது. கோபேர் மேசைக்கடியில் குடித்துவிட்டுக் கிடந்தான். பரிவாரத்துக்காக முந்தின நாள் அடித்த பன்றியின் இதயம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரொனெல் அதிகம் யோசிக்கவில்லை. பன்றியின் இதயத்தை இன்னொரு மெழுகுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அவருடையதை எடுத்துப் பானையின் உப்புக்கடியில் அமுக்கினாள். அடுப்படியில்தானே புதைக்கச் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். அடுப்படி பாதிரியார் மந்திரித்த நிலம் இல்லை, எலியும் ஜாஸ்தி. கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, தினம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். அவள் கூந்தல் நரைத்தது. ஆற்றில் கொஞ்சம் கீழ்ப்புறமாகக் கல்பாலம் ஒன்று கட்டினார்கள், சந்தைக்குப் போகிற வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பத்துப் படுக்கையில் ஒன்றோ இரண்டோ நிறைந்தால் அதிகம். முக்காலியில் யாரையும் உட்காரவிட மாட்டாள். தனியாகச் சமைத்து, தனியாகக் குடித்து, காலையில் கல்லிடம் போய் எல்லாவற்றையும் சொல்வாள். ஆலைக்காரன் பொண்ணு ஓடிப்போயிட்டா. கூரைக்குப் பணம் இல்லைன்னு பாதிரியார் புலம்புறாரு. எனக்கு முட்டி வலி, உங்களுக்கு வந்த மாதிரியே. இதயம் கேட்கும் என்று அவள் எண்ணினாள். ஊரில் வேறு யார் அவள் பேச்சைக் கேட்டார்கள்?

உயிர்த்தெழும் நாளைப் பற்றியும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எக்காளம் ஊதியதும் கிளேர்ஃபோனில் எலும்புகள் எழுந்து கூடும். இதயத்தைத் தேடிக் கன்னியர் மடத்துக்குப் போகும். அங்கே பன்றி. பிறகு எங்கே வருவார்? இங்கேதான் வந்தாக வேண்டும்.

இந்த நினைப்பு அவளுக்குப் பல வருஷம் இனித்தது, ஓர் ஊசி வியாபாரி வந்து ஒரு செய்தி சொல்லும்வரை. அன்செல் பிரபுவின் கடைக்குட்டி யோலாந் ஏழு வயதிலேயே கன்னியர் மடத்தில் விடப்பட்டவளாம். அப்பாவின் இதயத்துக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலையாம். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் பெட்டியை முத்தமிடுவாளாம். பெரொனெல் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். ஒரு குழந்தையை ஆயுள் முழுவதும் பன்றிக்கு முத்தமிட வைத்திருக்கிறோம். பாவமன்னிப்புக் கேட்கலாம் என்றால் பாதிரியார் கல்லைப் பெயர்த்து இதயத்தை அனுப்பிவிடுவார். சொன்னால் பிரபு போய்விடுவார், சொல்லாவிட்டால் அந்தப் பெண் கெடுவாள். அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் கல்லின் மேல் வைத்த கையைச் சீக்கிரமே எடுத்துவிடுவாள்.

ஒரு நவம்பரில், ஊரெல்லாம் பன்றி அடிக்கும் பருவத்தில், பிரபுவின் மகன் எரார் வந்து இறங்கினார். தாய் இறந்துவிட்டாள். பெற்றோருக்குக் கிளேர்ஃபோனில் பெரிய கல்லறை கட்டுகிறார். உடலைப் பங்கு போடுவது பாவம் என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்களாம். முன்பு புண்ணியம் என்றவர்களும் படித்தவர்கள்தான். ஆகவே அப்பாவைத் திரட்டுகிறார். இதயத்தை வழியிலேயே எடுத்தாயிற்று, இனிக் குடல்தான் பாக்கி. கூடக் கோட்டைக் கோயிலின் குருவும் இரண்டு வேலையாட்களும் வந்தார்கள். பல்லெல்லாம் போன கிழவன் கோபேரும் வந்திருந்தான். கடைசி வண்டியில் வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரி, மடியில் ஈயப் பெட்டி.

கோயிலுக்குள் நுழைந்த எரார் அண்ணாந்து பார்த்தார். "இந்த ஓட்டைக்கடியிலயா அப்பாவை வச்சீங்க?"

"அதுதான் நானும் பல தடவை விண்ணப்பம் போட்டேன், பிரபு," என்றார் பாதிரியார் தியெரி. "நீங்க வரும்போதுதான் வழி பிறக்கணும்னு இருக்கு."

பானையைத் திறந்தால் மெழுகுத் துணி மூட்டை தெரியும். ஒரு பிரபுவுக்கு இரண்டு இதயம் எப்படி என்று கேட்பார்கள். தூக்கில் போடுவார்கள், அதைவிட, அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆட்கள் கடப்பாரை தேடிக்கொண்டிருக்கும்போது, குளிரில் நடுங்கிய கன்னியாஸ்திரியை அடுப்படிக்கு அழைத்துப்போகும்படி பெரொனெல்லிடம் சொன்னார்கள்.

யோலாந் உள்ளே வந்ததும் நேரே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். தடுக்கப் போன பெரொனெல் பாதியில் நின்று அவளைப் பார்த்தாள். பிரபுவின் அதே அகலத் தோள். அதே மாதிரி, நெருப்பைப் பார்த்தபடி காலை நீட்டும் விதம்.

"அப்பாவை உங்களுக்குத் தெரியும்னு கோபேர் சொன்னான்."

"தெரியும்னு சொல்ல நான் யாரும்மா? சாப்பாடு போட்டிருக்கேன்."

"எப்படி இருப்பார்?"

"பெரிய பாதம். மழை வந்தா வலது முட்டி வலிக்கும். தூங்கினா குறட்டை, பூனை ஓடிப்போயிடும்."

கன்னியாஸ்திரி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறவள் போலக் கேட்டாள். "எனக்கு முகம்கூட ஞாபகம் இல்லை. அம்மாதான் சொன்னாங்க, அப்பா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கார், நீ பேசு, கேட்பார்னு. எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். மடத்துல யாருக்கும் என்னைப் பிடிக்காததைச் சொன்னேன். காய்ச்சல் வந்தப்போ சொன்னேன். என்னைத் தவிர யாரும் அவர்கிட்ட பேசினதில்லை, அவரைத் தவிர யாரும் என்கிட்ட பேசினதில்லை. அவரும் பேசினதில்லைன்னு வச்சுக்குங்க." பெட்டியின் மூடியைத் தடவினாள். "இனி அதுவும் கிடையாது. கிளேர்ஃபோன்ல பொம்பளைங்க வாசப்படி தாண்டக் கூடாது. வாசல் வரைக்கும்தான் என் மடியில."

தான் கல்லிடம் சொன்னதை எல்லாம் இந்தப் பெண் பெட்டியிடம் சொல்லியிருக்கிறாள். தனக்காவது உண்மையான இதயம் கிடைத்தது, இவளுக்குக் கிடைத்தது பன்றி. என்ன வந்தாலும் வரட்டும் என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டியில இருக்கிறது..."

"பெரொனெல், விளக்கு கொண்டா!" கோயிலிலிருந்து பாதிரியார் கூப்பிட்டார். "கல்லு பெயர்ந்துட்டுது, உள்ளே ஒண்ணும் தெரியலை."

விளக்கோடு அவள் குழியருகே நின்றாள். பானை பிளந்து கிடந்தது. கூரை ஒழுகிய தண்ணீர் வருஷக்கணக்கில் இறங்கி உப்பைக் கரைத்துவிட்டது. உள்ளே கறுப்பு மண், ஏதோ வேர், ஓடுகள். குரு ஒரு குச்சியால் கிளறினார். பெரொனெல் விளக்கைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்த்தாள். மெழுகுத் துணி அவ்வளவு சீக்கிரம் மக்காது. வெண்ணெய் சுற்றி விற்கிறவளுக்கு அது தெரியும். ஒரு மூலைத் துணிகூட இல்லை.

எரார் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார், வெறும் ஈர மண் வாசனைக்கு. "இதை எடுத்துட்டுப் போய் என்ன பண்றது? மண்ணைப் புதைச்சு அப்பான்னு சொல்றதா?"

"ஆண்டவருக்கு இடம் தெரியும், பிரபு," என்றார் குரு, குச்சியைத் துடைத்துக்கொண்டே. "மூடிடலாம்."

மூடினார்கள். கூரையைப் பற்றிப் பாதிரியார் மறுபடி தொடங்கினார். பெரொனெல் விளக்கை அணைக்க மறந்து கோயிலின் பின்புறம் நடந்தாள். கொப்பரையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் கோலூன்றும் சத்தம் கேட்டது.

"எதைத் தேடின?" என்றான் கோபேர்.

"ஒண்ணுமில்லை."

"மெழுகுத் துணியா?"

அவள் விளக்கைக் கீழே வைத்தாள்.

"நான் சமையல்காரன், பெரொனெல். பன்னி இதயத்துக்கும் மனுஷன் இதயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இன்னும் ஒரு பிடி உப்பு போடலாம்னு பெட்டியில இருந்ததைப் பிரிச்சேன். பார்த்ததும் போதை இறங்கிடுச்சு. பானையில துழாவி எடுத்து, பழையபடி மாத்தி வச்சேன். அப்புறம்தான் கொல்லன் வந்தான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா உன்னைத் தூக்குல போட்டிருப்பாங்க. குழிக்குப் போற வயசாச்சு, இன்னிக்கு நீ தேடுறதைப் பார்த்தேன், அதான் சொல்றேன்."

"அந்தப் பன்னி இதயம்?"

"வெங்காயம் போட்டு வதக்கித் தின்னுட்டேன். வீணாக்குவாங்களா? கறி விலக்குற வெள்ளிக்கிழமைகூட இல்லை அன்னிக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மனதில் எழுந்தது நிம்மதிதான். அந்தப் பெண் முத்தமிட்டது தகப்பனைத்தான், ஒரு தடவைகூட வீண் போகவில்லை. அதற்கடுத்துத்தான் மற்றது உறைத்தது. அப்படியானால் தன் பேச்சையெல்லாம் யார் கேட்டது? முட்டி வலியையும் ஆலைக்காரன் மகளையும் ஒழுகும் கூரையையும் இத்தனை காலம் அவள் குடலிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஊர் வைத்த பேர் சரியான பேர்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோபேர் பக்கத்தில் நின்று கொப்பரைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நீ அந்தக் கல்லோட நல்லா இருக்கேன்னு கேள்விப்பட்டேன். கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அடுப்படிக்குத் திரும்பியபோது யோலாந் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏதோ சொல்ல வந்தீங்க. பெட்டியில இருக்கிறது...?"

"அவர்தான்மா," என்றாள் பெரொனெல். "சந்தேகமே வேண்டாம்."

கூழ் கொதித்து இறங்கியிருந்தது. ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினாள். கன்னியாஸ்திரி தயங்கினாள். "எனக்குச் சாப்பாடு ஒத்துக்காது. மடத்துல எல்லாத்துலயும் இஞ்சியும் மிளகும் போடுவாங்க. பெரிய வீட்டுப் பொண்ணுன்னு எனக்கு மட்டும் கூடக் கொஞ்சம். தின்னதும் வயித்தைப் பிடிச்சுக்கும்."

பெரொனெல் அகப்பையைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் வலிக்கும்?"

"இங்கே, இடது பக்கம். அரை நாழிகை கழிச்சு."

"குடிங்க. ஒண்ணும் பண்ணாது."

கிண்ணம் சுட்டது. இரண்டு கையாலும் பிடிக்கவேண்டி, யோலாந் பெட்டியை மேசைமேல் வைத்தாள். குடித்தாள். வலிக்காகக் காத்திருந்தாள், அடுப்பைப் பார்த்தபடி. வரவில்லை. கிண்ணத்தை நீட்டினாள். மூன்றாவது கிண்ணத்தில் பெரொனெல் சொன்னாள், "உங்க அப்பாவுக்கும் இடது பக்கம்தான். அரை நாழிகைதான். அதுக்குத்தான் இங்கே வருவார்."

யோலாந் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் அவர் வயிறா?"

"அதே வயிறும்மா."

அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் முதல்முறையாக இளகியது. ஆயுளெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேடிய தகப்பன் தன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறார். வண்டி பூட்டும் சத்தம் கேட்டு, முகம் கழுவ அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

பெட்டி மேசைமேல் இருந்தது. பெரொனெல் தனியாக இருந்தாள். நவம்பர் மாதம், கொக்கியில் முந்தின நாள் அடித்த பன்றி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஈய மூடியோ பழையது, ஓரம் பெயர்ந்திருந்தது, கத்தி நுனி போதும். கோபேர் இந்த முறை பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அவள் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஐயா, சொன்ன மாதிரி அடுப்படிக்கு வந்துட்டீங்க," என்றாள்.

அவர் கேட்டது ஒரு சாப்பாட்டு நேரத்துக்காவது நடந்துவிட்டது. கிளேர்ஃபோன் வாசல்வரை அந்தப் பெண்ணின் மடி காலியாக இருக்கக் கூடாது, பன்றியோடும் இருக்கக் கூடாது. மூடியில் சிந்தியிருந்த ஒரு சொட்டுக் கூழை முந்தானைத் துணியால் துடைத்தாள். யோலாந் வந்ததும் தன் கையாலேயே எடுத்து மடியில் வைத்தாள். வண்டி ஏறும்போது ஒரு பை நிறையக் காய்ந்த பட்டாணி கொடுத்தாள்.

"மடத்துச் சமையல்காரிகிட்ட கொடுங்க. தண்ணியும் உப்புக்கறியும் போதும். மிளகு போட்டா பையைத் திருப்பி வாங்கிக்குவேன்னு சொல்லுங்க."

"மறுபடி நான் வெளியே வர விடமாட்டாங்க," என்றாள் யோலாந்.

"தெரியும்மா."

வண்டி மரப்பாலத்தைத் தாண்டிப் போயிற்று. பெரொனெல் இருட்டும்வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து மிச்சக் கூழை முக்காலியில் உட்கார்ந்து குடித்தாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அதில் அவளே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அடுப்பை மூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். புதிதாகப் பதித்த கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது, தண்ணீர் ஒரு பக்கம் தேங்கியிருந்தது. ஒற்றி எடுத்தாள். கையை வைத்தாள். பேச வாய் வரவில்லை. யோலாந் போன கதையைச் சொல்லலாம் என்றால் கேட்கிறவர் கிளேர்ஃபோனுக்குப் போய்விட்டார். குடலுக்குக் காது ஏது? இனி வரவேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்துக் கையை எடுத்தாள். கதவுவரை போனாள்.

கோட்டையும் மடமும் அவருடைய இதயத்தையும் எலும்பையும் வைத்துக்கொள்ளட்டும். எக்காளம் ஊதும் நாளில் வெறும் எலும்பும் இதயமுமாய் எழுந்து அவர் எவ்வளவு தூரம் நடப்பார்? அரை நாழிகை. அதற்குள் பசிக்கும். பசித்தால் எந்தக் கதவைத் தள்ளுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வயிறு ஒருநாளும் கோட்டைக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆறவைத்து, கரைத்து, அதைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

அவள் திரும்பி வந்து கல்லின் மேல் மறுபடி கையை வைத்தாள்.

"இன்னிக்கும் பட்டாணிதான்," என்றாள். "உப்புக்கறி கொஞ்சம் கம்மி."